எதிர்மலைக்கு ஊதியது

டிராம்போனில் மேலே போகிறவன்தான் கெட்டிக்காரன் என்று எந்த மகராசன் சொல்லிவைத்தானோ தெரியவில்லை. போளூர் பக்கம் கல்யாணமானாலும் சாவானாலும் "ஏத்தி ஊது, ஏத்தி ஊது" என்று கத்துவதற்கென்றே நாலு பேர் வந்து நிற்பார்கள். குழலை நீட்டி, கீழ்க்குரலில் ஒரு பழைய பாட்டை நிதானமாக வாசித்தால் செல்போனை எடுத்து நோண்டுவார்கள். உதட்டை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க ஒரே ஓர் உச்ச சுரத்தைப் பிடித்தால் போதும், விசில் பறக்கும். அதற்குள் பாட்டு எங்கேயோ செத்துக் கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

நான் இப்படிப் பொருமினால் மாமா சிரிப்பார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர். ஜவ்வாது மலையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். பிழைப்புக்காகக் கீழே இறங்கி, போளூரில் ஒரே பேண்டு செட்டில் இருவரும் டிராம்போன் ஊதினோம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனுக்கு மேல போவாது மச்சான். அதான் கீழயே கெடந்து நாயம் பேசிகினு கீற" என்பார்.

அதில் பொய் இல்லை. என் உதடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஏற்றினால் குரல் பிளந்து, ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வரும். அவருக்கோ டிரம்பெட்காரன் தயங்குகிற இடத்திலும் பயம் கிடையாது. ஊர்வலத்தில் அவரைத்தான் முன்வரிசையில் விடுவார்கள். நான் பின்னால் நின்று, ஆறேழு சுரத்துக்குள் அழுதுகொண்டு வருவேன். மனுஷனை உருக வைக்க அது போதும் என்று அவரோடு வாதாடாத நாள் இல்லை.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. பக்கத்தில் வரும் மாட்டைப் பார்க்காமல் மோதிக்கொண்டார். வேலூருக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் நீரழுத்தம், வலது கண் ஏற்கெனவே போனது போலத்தான், இடதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. சொட்டு மருந்து எழுதினார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம்.

"மெதுவா, கீழ ஊதுங்க, பரவாயில்ல. மூச்சக் கட்டி மேல போகாதீங்க. அப்பதான் கண்ல பிரஷர் ஏறும். உள்ளதும் போயிடும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போளூர் வந்து இறங்கியதும், "பாதி ஆளா இருக்கச் சொல்றாங்க" என்றார். இனி மேலே ஊதுவதில்லை என்று அக்கா தன் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த சில மாதங்களை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாமா என் பக்கத்தில், பின்வரிசையில் நின்று கீழ்க்குரலில் வாசித்தார். வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவர்தான். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் குழலை அவர் நழுவவிடும் விதம் இருக்கிறதே, ஒரு வருஷம் சாதகம் பண்ணினாலும் எனக்கு வராது. நான் வாயால் பேசிக்கொண்டிருந்ததை அவர் சும்மா செய்துவிட்டார். பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கலசப்பாக்கத்தில் ஒரு சாவில், பிணத்தின் தலைமாட்டில் இருந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கூட்டத்தில் ஒருத்தன், "இன்னா வாத்தியாரே, சுதி எறங்கிப் போச்சா?" என்றான். மாமா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பார்வைதான் பக்கவாட்டில் கிடையாதே. அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அடுத்த தை மாசத்தில் மலைமேல் அவருடைய அம்மா இறந்துபோனார்.

எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செத்தவள் பெண்ணென்றால், அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து மேலே விழாமல் பிணத்தை எடுக்க மாட்டோம். எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்களிடம் கூடுதலாக ஒன்று உண்டு. பிறந்த வீட்டார் எதிர்மலை முகட்டில் வந்து நின்றுவிடுவார்கள். சாவு வீட்டிலிருந்து ஊதி அழைத்தால்தான் பள்ளத்தில் இறங்குவார்கள். அழைக்காமல் வந்தால் அந்தப் பெண்ணுக்கு மரியாதை இல்லை. அந்தக் காலத்தில் கொம்பு ஊதினார்களாம். இப்போது பேண்டுக்காரன் கையில் இருப்பது எதுவோ அது. அந்தச் சரிவில் போனுக்கு டவரும் கிடையாது, கிடைத்தாலும் போனில் கூப்பிட்டால் வர மாட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து முகூர்த்த நாள். செட்டில் டிரம்பெட்காரர்கள் எல்லோரும் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள். தப்பு அடிக்க உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். ஊதுவதற்கு நான் ஒருத்தன். மகன் என்பதால் மாமா ஈர வேட்டியோடு பிணத்தின் அருகே உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயத் தொடங்கியது. இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். நான் பாறைமேல் ஏறி நின்று ஊதினேன். கீழே புளியமரங்களைத் தாண்டவில்லை. எதிர்முகட்டில் புள்ளி புள்ளியாக ஆட்கள் நிற்பது தெரிந்தது, ஒருவரும் அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். குரல் பிளந்தது. யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டிலும் சிரிக்க ஆள் இருக்கிறது பாருங்கள். மறுபடி ஊதினேன். உதடு கிழிந்து உப்புக் கரித்ததுதான் மிச்சம்.

மாமா எழுந்து வந்து கையை நீட்டினார்.

"வேணாம் மாமா."

"எங்கம்மா கெடக்குதுடா."

நான் அக்காவைப் பார்த்தேன். சத்தியம் வாங்கியவள் அவள்தானே. கிழவியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குட்றா" என்றாள்.

மாமா ஊதினார். ஒரே சுரம். மூன்று முறை. அதில் பாட்டு இல்லை, நெளிவு இல்லை, நான் மெச்சிப் பேசுகிற எதுவுமே இல்லை. என் அம்மா செத்துவிட்டாள், வாருங்கள் என்பது மட்டும் இருந்தது. அதைவிட நல்ல வாசிப்பை நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் நான் பேசிய பேச்செல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

சற்று நேரத்தில் எதிர்மலையிலிருந்து தப்புச் சத்தம் கேட்டது. புள்ளிகள் இறங்கத் தொடங்கின. இங்கே பெண்கள் ஓவென்று அழுதார்கள். மாமா டிராம்போனை என்னிடம் தந்துவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

கருமாதிக்கு வந்த கிழவியின் தம்பி என்னைத் தனியே தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். அக்கா அங்கே குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கவனிக்கவில்லை.

"உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. அன்னிக்கு எதிர்க்காத்து. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. பொழுது போவுது, எங்க அக்கா கெடக்குறாளேன்னு மரியாதய வுட்டுட்டு நாங்களே எறங்கிட்டோம். கூப்புடாம வந்தாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு வரக் கூடாது, ஆமா."

நான் வெளியே விட மாட்டேன் என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கழுவிய குடத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

கோடைக்குள் மாமாவுக்கு இடது கண்ணும் போய்விட்டது. அன்று ஊதியதால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது, எப்படியும் போயிருக்கலாம்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது அக்காவும் மாமாவும் மலைமேலேயே இருக்கிறார்கள். வேலை இல்லாத வாரங்களில் பஸ் பிடித்துப் போவேன். மாமா வாசிக்கச் சொல்வார். கீழ்க்குரலில் ஏதாவது ஒரு பாட்டு வாசிப்பேன். போன முறை முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டே, "நீ சொன்னதுதான் சரி மச்சான். பாட்டு கீழதான் கீது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன். கேட்டபோது வாசிப்பை நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போனேன்.

"ஆனா அன்னிக்கு மட்டும் மேல வேண்டியிருந்துச்சு. நான் ஊதலன்னா எங்கம்மா பொறந்த வூட்டு கோடி இல்லாமயே போயிருக்கும். இல்ல?"

அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"ஆமா. நீங்க ஊதுனதுனாலதான் வந்தாங்க" என்றாள். முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

நான் டிராம்போனை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.