யோகலட்சுமி பார்த்த இரண்டு ஆட்டங்கள்

யோகலட்சுமிக்குப் பந்தாட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் மற்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா வீட்டுப் பெண்கள் வீணை பழகிய வயதில், அவள் அண்ணனோடு திடலுக்குப் போய், எந்த அணி ஏன் தோற்றது என்று வழிநெடுக வாதாடிக்கொண்டு வருவாள். பிறகு தாதியானாள். ஜப்பான்காரன் வந்தபின் பெண்கள் பலர் வாசலில் தலைகாட்டவே அஞ்சினார்கள். அவளோ வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

1943 ஏப்ரல் கடைசி. பேரரசரின் பிறந்தநாளுக்காகக் கடற்கரைத் திடலில், ஜப்பானியக் கடற்படை அணிக்கும் உள்ளூர் அணிக்கும் காலையில் ஆட்டம். மருந்துப் பெட்டியோடு மூன்று மிஸ்ஸிகள் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. தாதிகளை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். யோகலட்சுமியும் அவளுடைய தோழிகள் சலேஹாவும் ரொஸ்னாவும் போனார்கள்.

"கடற்படை கோல் போட்டா கைதட்டணும். மத்தவன் போட்டா சும்மா இருக்கணும்" என்று மொழிபெயர்ப்பாளன் கூட்டத்துக்கு அறிவித்தான்.

முதல் கோலைப் போட்டது அய்யாக்கண்ணு. அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் ஆர்டர்லி. ஆயிரம் பேர் நின்ற திடலில் ஒரு கை தட்டவில்லை. அடுத்த நிமிடமே கடற்படைக்காரன் ஒருவன் பந்தை விட்டுவிட்டு அவன் முழங்காலுக்குக் கீழே ஓங்கி உதைத்தான். அய்யாக்கண்ணு சுருண்டு விழுந்தான். சதை பிளந்து ரத்தம் கொட்டியது. நடுவர் விசில் ஊதவில்லை.

யோகலட்சுமி பெட்டியைத் தூக்கினாள். எல்லைக்கோட்டில் நின்ற அதிகாரி கையை நீட்டி மறித்தான். மருந்து கடற்படைக்காரருக்கு மட்டும்தான் என்றான் மொழிபெயர்ப்பாளன்.

சலேஹா அவள் உடுப்பைப் பிடித்து இழுத்தாள். "யோகா, வேணாம்லா! தலை போயிடும்!"

"அங்கை அவன்ரை கால் போகுதடி."

நீட்டிய கைக்குக் கீழே குனிந்து திடலுக்குள் நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வான். அய்யாக்கண்ணுவின் பக்கத்தில் மண்டியிட்டுக் காயத்தைக் கழுவினாள்.

"போயிடுங்க மிஸ்ஸி, அடிப்பானுங்க."

"சும்மா இரும். காலை ஆட்டாதையும்."

கட்டுப்போட்டு முடித்து, அதே நடையில் திரும்பினாள். "பக்கெரோ!" என்று தன் மொழியில் திட்டிக்கொண்டு அதிகாரி கன்னத்தில் அறைந்தான். தொப்பி பறந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் அறைந்தான். ஆட்டம் முடியும்வரை வெயிலில் தனியாக நிற்கச் சொன்னான். நின்றாள். காது இரைந்தது, கண் கலங்கியது. ஆனாலும் ஆட்டத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கடற்படை மூன்றுக்கு ஒன்று என்று வென்றபோது சுற்றிலும் கைதட்டினார்கள். அவள் கைகள் பெட்டியைப் பிடித்தபடியே இருந்தன.

கூட்டம் கலைந்ததும் ரொஸ்னா அழுதாள். "வீட்டுக்குப் போலாம்லா யோகா."

"பின்னேரம் எங்கடை ஆஸ்பத்திரிப் பெடியளின்ரை ஆட்டம் இருக்கெல்லோ? வாறம் எண்டு சொன்னனாங்கள்."

"இந்த மூஞ்சியோடயா?"

"வேறை மூஞ்சிக்கு நான் எங்கை போறது?"

சாயங்காலம் ஆர்டர்லிகளுக்கும் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் ஆட்டம். பார்க்க வந்த அத்தனை பேரும் ஆண்கள். மூன்று மிஸ்ஸிகளும் நடுவே புகுந்து முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்தார்கள். காலைச் செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. யோகலட்சுமியின் அப்பாவோடு வேலைபார்க்கும் விநாசித்தம்பி குடையோடு வந்து குனிந்தார்.

"பிள்ளை, இது பொம்பிளையள் இருக்கிற இடமோ? காலமை வாங்கினது போதாதோ? எழும்பு, வீட்டை போ."

"காலமை அவன் மறிச்சு நான் நிக்கேல்லை, மாமா. இப்ப நீங்கள் மறிச்சோ நிக்கப்போறன்?"

அவர் முகம் சிறுத்துப்போனது. குடையை விரித்துக்கொண்டு நகர்ந்தார்.

முதலில் அவள் ஒருத்திதான் கத்தினாள். பிறகு சலேஹா. பிறகு, தேம்பிக்கொண்டே ரொஸ்னா. கம்பை ஊன்றி வந்து நின்ற அய்யாக்கண்ணு, "அடிடா! கோல் அடிடா!" என்று அலறினான். காலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அத்தனை பேரின் தொண்டையும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

வீட்டுவாசலில் அப்பா காத்திருந்தார். கன்னத்தைப் பார்த்ததும் தடவக் கையை நீட்டினார். ஆனால் வாயில் வந்தது கோபம்தான். "இனி நீ திடல் பக்கம் போகக்கூடாது. விளங்குதோ?"

கத்திக் கத்தி அவளுக்குக் குரல் போயிருந்தது. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் அவளைத் தொற்றுக்காய்ச்சல் வார்டுக்கு மாற்றினார்கள். தண்டனை. ஏழு மாதம் அங்கே உழைத்தாள். ஆனால் ஆர்டர்லிகளின் அடுத்த ஆட்டத்துக்கும் போனாள். அன்று ஆறு மிஸ்ஸிகள் வந்திருந்தார்கள்.