கிளாடிஸ் தூக்கிய கை

தெருவில் கிளாடிஸின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அவளுடைய தையல் கடையில் பேரம் பேசவே யோசிப்பார்கள். ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கையை உயர்த்தினாலும் இவள் மட்டும் மடியில் கோத்தபடி இருப்பாள். "நான் எதுக்குக் கையத் தூக்கணும்? மாதாவுக்கு என்னயத் தெரியும்" என்பாள்.

அந்த ஞாயிறு மதியம் கணவன் ஜோன்ஸுடன் ஃபைபர் படகில் உலாவக் கிளம்பியபோது, வீட்டில் தலை உடைந்து கிடந்த அந்தோனியார் சுரூபத்தையும், அந்தச் சின்னச் சிலையையும், எடுத்துக்கொண்டாள். கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது, கடலில்தான் விட வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

துறைமுகத்துக்கு வெளியே கடற்படைக் கப்பல் ஒன்று நின்றது.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்" என்றான் ஜோன்ஸ்.

"இங்கனயே ஆழந்தான்" என்று பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டாள்.

அடுத்த நிமிடமே ரோந்துப் படகு சீறிக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. இரண்டு துப்பாக்கிகள் அவள் நெஞ்சுக்கு நேராக நீண்டன.

"கையைத் தூக்குங்க. என்ன போட்டீங்க?"

கிளாடிஸின் இரண்டு கைகளும் மேலே போயின. ஜோன்ஸ்தான் திக்கித் திணறி, உடைந்த சுரூபம் என்று சொன்னான். அவர்கள் நம்பவில்லை. முக்குளிக்கும் வீரர் ஒருவர் முங்கித் தேடி எடுத்துவந்து முடிச்சை அவிழ்த்தார். தலையில்லாத அந்தோனியார், குழந்தை இயேசுவை ஏந்தியபடி இருந்தார். அதிகாரி அதை ஜோன்ஸின் படகில் வைத்துவிட்டு, இனி கப்பல் பக்கம் வரக் கூடாது என்று எச்சரித்துப் போனார்.

கரை நெருங்கும்போது ஜோன்ஸ் மெதுவாகச் சொன்னான்.

"ஏளா, கைய இறக்கு. அவங்க போயி நேரமாச்சி."