அப்பா விசாரித்த வெயில்

2005இல் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நேபாள மலைகளில் சுற்றப் போன நான், ஒரு சின்னக் கிராமத்தில் காய்ச்சலில் விழுந்தேன். கூட வந்த இருவரும் "ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்கள். நல்ல சிநேகிதர்கள்! மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், விடுதி போனிலிருந்து மரக்காணத்துக்குப் பேசினேன். அப்பா எடுத்தார். அவர் உப்பளத்துக்காரர், மழை பெய்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். அதனால் யார் பேசினாலும் முதலில் வானத்தைத்தான் விசாரிப்பார்.

"அங்க வெயில் அடிக்குதா?"

ஜன்னலுக்கு வெளியே பனிமலை கண் கூச மின்னியது. "அடிக்குதுப்பா."

"அப்புறம் என்னடா கவலை? இங்கயும் நல்லா காயுது" என்று சந்தோஷமாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி, "காய்ச்சல்ப்பா" என்றேன், கொய்ங் என்று கத்திக்கொண்டிருந்த ரிசீவரிடம்.