ஆம்பூரில் நிலம் அதிர்ந்த கணக்கு

நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் விவரங்களை நிரல் எழுதி இணையத்திலிருந்து பெறுபவர்களைப் பொறுமைசாலிகள் என்று உலகம் நினைக்கிறது. உண்மையில் எங்களுக்கு வேறு வழியில்லை. இத்தொழிலில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பீர்களானால், என் ஆறுதலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சுவரின் மீது பழி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஆம்பூரில் நான் இயற்பியல் கற்பித்த கல்லூரியின் பின்புறத்தில் அப்படியொரு நிலையம் இருந்தது. அதன் பொறுப்பு என்னுடையது. சுவருக்கு அப்பால் தோல் தொழிற்சாலை. அங்கே தோலைப் பதப்படுத்தும் பெரிய மர டிரம்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஒருநாள் சென்னைத் தலைமையகம் எழுதியது: கடந்த ஆண்டிலிருந்து உங்கள் நிலையத்தில் இரைச்சல், அதாவது நிலநடுக்கமல்லாத வீண் அதிர்வு, பத்து மடங்கு, இப்படியே போனால் கருவியை எடுத்துவிடுவோம். எங்கள் கல்லூரி முதல்வர் நகராட்சியிடம் முறையிட, தொழிற்சாலையின் மாலை ஷிஃப்ட் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்காக மேலாளர் ரஃபீக் என்னிடம் வந்தார்.

"புது டிரம் ஒண்ணும் போடல மேடம். போன வருஷம் ஓடுனதுதான் இப்பவும் ஓடுது. அத்த நிறுத்தச் சொன்னா, தோலு தானா பதமாவுமா?"

வெள்ளிக்கிழமையின் சாட்சியம்

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. ஆனால் பதிவுகளைப் பார்த்தால், வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக டிரம்கள் நிற்கும்போது கோடு அப்படியே அடங்கிவிடுகிறது. ஆகவே அதிர்வு அங்கிருந்துதான் வருகிறது. கணினித் துறையில் நிரல் எழுதும் ஸ்டெல்லாவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஜும்மா நேரத்துக்கு கோடு படுத்துடுது மேடம். பாவம், அவங்களுக்கு எதிரா அவங்களே சாட்சி சொல்லிட்டாங்க!"

மௌனம் சாதித்த சேவை

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பது வேறு. எவ்வளவு என்பது வேறு. கருவி தருவது வெறும் எண்களை. மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று ஒவ்வொரு திசைக்கும் ஓர் அலைவரிசை உண்டு. அந்த அலைவரிசையில் எந்தக் கருவி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை இருந்தது, தரை இவ்வளவு அசைந்தால் அது எத்தனை எண் காட்டும் என்ற விவரமெல்லாம் தலைமையகத்தின் இணையச் சேவையில் இருக்கும். அந்த விவரமில்லாமல் அசைவை அளக்க முடியாது. தலைமையகத்தின் கணக்கை நாமே ஒருமுறை சரிபார்ப்போம் என்றேன்.

ஸ்டெல்லா நிரல் எழுதினாள். பதில் வந்தது; உள்ளே ஒன்றுமில்லை. பிழை என்ற அறிவிப்புகூட இல்லை. மின்சாரம் போய் வந்த பிறகும் அதே வெறுமை. அலைவரிசையின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகக் கொடுத்திருந்தோம் என்பதை நாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸ்டெல்லா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"எங்க மாமியார் மாதிரியே இருக்கு மேடம். தப்புனும் சொல்லாது, சரினும் சொல்லாது. நாமளே புரிஞ்சிக்கணும்."

ஒரே பெயரில் இரண்டு வரிகள்

பெயரைத் திருத்தியதும், ஒரே அலைவரிசைக்கு இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியில் பழைய கருவி. அதன் முடிவுத் தேதி கடந்த ஆண்டு. இரண்டாவதில் வேறொரு கருவி. முடிவுத் தேதி காலி. காலியாக இருப்பது குறையன்று. அக்கருவி இன்றும் இயங்குகிறது என்று பொருள். புதியது பழையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நுட்பமானது; அதே அசைவுக்குப் பத்து மடங்கு எண் காட்டும். கடந்த ஆண்டு தலைமையகத்திலிருந்து பழுதுபார்க்க வந்ததாகச் சொன்னவர்கள் கருவியையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்! மாற்றத்தைச் சேவையில் ஒழுங்காகப் பதிந்தவர்கள், எனக்கும் சொல்லவில்லை, அதிர்வைக் கணக்கிடும் தங்கள் கணக்குப் பிரிவுக்கும் சொல்லவில்லை.

பதிவின் தேதியையும் சேர்த்துக் கேட்கும்படி நிரலை மாற்றச் சொன்னேன். ஒரே வரி வந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டால், தரையின் அதிர்வு முந்தைய ஆண்டு இருந்த அளவுதான். கணக்குப் பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, எந்த வரியைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாங்க எப்பவும் முதல் வரியத்தான் எடுப்போம் மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

முதல்வர் அறையில்

தலைமையகத்திடமிருந்து திருத்திய அறிக்கை வந்தது. கருவி எங்களிடமே இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. ரஃபீக்கை அழைத்து, முதல்வரின் முன்னிலையிலேயே அதை விளக்கினேன். மாலை ஷிஃப்டுக்குத் தடையில்லை என்று நகராட்சிக்கு எழுத முதல்வர் ஒப்புக்கொண்டார். வருத்தம் தெரிவிக்கும் சொற்களைத் தேடுவதில் மட்டும் அவருக்குத் தாமதமாயிற்று. ரஃபீக் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"அப்போ நாங்க ஆட்றது நிஜம், ஜாஸ்தியா ஆட்றது பொய். அவ்ளோதானே மேடம்? வுடுங்க, பொம்பளைங்கள நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்றேன்."

தேதியைச் சொல்லிக் கேட்டால் இணையச் சேவை சரியான பதிலைத் தந்துவிடுகிறது. தேதியைச் சொல்லாமல் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரைக் குற்றஞ்சாட்டும் திறமைக்குத்தான் நம்மில் பலர் இத்தனை ஆண்டுகள் படித்திருக்கிறோம்.