சைக்கிளில் கட்டிய வேப்பிலை

அந்த வெயில் காலம் முடியும்போது என் கழுத்தில் தாலி இருக்கும் என்று நானே நம்பவில்லை.

1943. ஜப்பான்காரன் ஆட்சி. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் இரும்பு அடிக்கிறவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். பாசாருக்கு மீன் வாங்கப் போன என் கொழுந்தனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி, ஒரு சேதியும் இல்லை. அடுத்தது இவர்தான் என்று பட்டறையில் ஒருவர் காதோடு சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்கு வீட்டில் சோறும் இல்லை, மரவள்ளிதான்.

கிள்ளானுக்கு அப்பால் கேரி தீவின் ஓரத்தில் என் அக்கா இருந்தாள். படகில்தான் போக முடியும், லோரி போகாது. அங்கே ஓடிவிடுவது என்று முடிவு செய்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம் அதுதான். ஊர் சுற்றவா போனோம்? உயிருக்குப் பயந்து போனோம்.

விடிந்ததும் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, மஞ்சள் புடவை கட்டினேன். இவர் என் அக்கா வீட்டுப் படி ஏறும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். சைக்கிள் கைப்பிடியில் ஒரு கொத்து வேப்பிலையும் கட்டினேன்.

"ஏம்புள்ள, அம்மை கண்ட வூடு மாதிரி இருக்குதே" என்று சிரித்தார்.

"அவ தொணைக்கு வரட்டும். நீங்க பேசாம மிதிங்க."

அந்தக் காலத்தில் டியூப் ஏது? தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டியிருந்தார். பத்து தீகா ஊர் வருவதற்குள் அது அறுந்து தொங்கியது. அவர் சைக்கிளைத் தள்ள, நான் பின்னால் நடந்தேன். உச்சி வெயில். எனக்கு வெயில் ஆகாது. கழுத்து, முகம், கை எல்லாம் வேர்க்குரு பொரிந்து கொப்புளம் கொப்புளமாகிவிட்டது. வெறும் வயிறு வேறு. கண் இருட்டி, ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உன்ன நம்பினதுக்கு இதுவா குடுத்த? ஒடம்பெல்லாம் கொப்புளம், பாதி வழியில வண்டியும் போச்சு. உனக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சா தாயே?" என்று வாய்விட்டே கேட்டேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

எழுந்து வளைவைத் தாண்டினோம். அங்கே லோரி நின்றது.

உள்ளே ஏழெட்டு ஆண்கள், எல்லாரும் நம்மவர்கள். துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். கூடவே ஆள் பிடித்துக் கொடுக்கும் தமிழ்க் கங்காணி. இவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிப்பாய்களுக்குக் குனிந்து வணங்கினார். கங்காணி இவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"வேல தெரிஞ்ச கையி. ஏறு லா."

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தேன். "அண்ணே, என் தாலிய அறுத்துடாதீங்கண்ணே!"

என்னை இழுத்துத் தள்ளக் குனிந்தவன் என் முகத்தைப் பார்த்தான். காலை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மஞ்சள் புடவையைப் பார்த்தான். கைப்பிடியில் இருந்த வேப்பிலையைப் பார்த்தான்.

"அம்மையா?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இல்லண்ணே, இது வெயிலுக்கு..." என்று ஆரம்பித்தார், பாவி மனுஷன்.

"வாய மூடு! கிட்ட வராத!" என்று கத்திக்கொண்டே கங்காணி சிப்பாய்களிடம் ஓடினான். "சாக்கிட்! சாக்கிட்!" என்று தன் முகத்தைத் தொட்டுத் தொட்டு நோயைக் காட்டினான். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, துப்பாக்கியை ஆட்டி எங்களை விரட்டினார்கள்.

நடந்தோம். திரும்பிப் பார்க்கப் பயம். லோரி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

இருட்டுவதற்குள் கிள்ளான் வந்து சேர்ந்தோம். மாரியம்மன் கோயில் வாசலில் அவர் மடியில் தலை வைத்து அழுதேன். எந்தக் கொப்புளத்துக்காக அவளைத் திட்டினேனோ, அதைக் காட்டித்தான் அவள் இவரை மீட்டுக் கொடுத்தாள். மறுநாள் படகேறினோம். ஜப்பான்காரன் போகும்வரை இவர் அந்தத் தீவில் மரவள்ளி நட்டு உயிரோடு இருந்தார். கொழுந்தன் மட்டும் திரும்பி வரவே இல்லை.

வருஷா வருஷம் திருவிழாவில் நான் இரண்டு கொத்து வேப்பிலை கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று அந்த லோரியில் இருந்தவர்களுக்கு. அவர்களுக்காகவும் ஒருத்தி எங்கேயோ வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பாள்? அவளுக்கு ஏன் மீட்டுக் கொடுக்கவில்லை என்று இன்றும் அம்மனிடம் கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

ஆனாலும் அவளைத்தான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பது? கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கும்பிட முடிந்தால் கும்பிடுங்கள். மனசு வெந்துபோய்க் கும்பிட முடியவில்லையா, என்னைப் போல அவளோடு சண்டை போடுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அன்று நான் திட்டியதுகூட அவள் காதில் விழுந்தது.