பழைய விண்டோஸை உள்ளே விடும் ஒரு வரி

ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு எடுத்துக்கொடுக்கும் அலுவலகத்தில் நான்தான் கம்ப்யூட்டர் மேதை. வேறு யாருக்கும் தெரியாததால் கிடைத்த பட்டம். லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்தேன். எல்லார் விண்டோஸிலும் திறந்தது, மூத்த குமாஸ்தாவின் பழைய விண்டோஸில் மட்டும் திறக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் நைனா தொறக்க மாட்டேங்குது?" என்று மூன்று வாரமாக டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். எனக்கும் தெரியாது. முதலாளி விசாரித்தபோது, "அவருக்குக் கம்ப்யூட்டரே வராது சார்" என்று அவரைப் போலவே மவுசைப் பிடித்து நடித்துக் காட்டினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்காவது வாரம், பழைய விண்டோஸை உள்ளே விடும் ஒரு வரியைக் கண்டுபிடித்து லினக்ஸின் செட்டிங்ஸில் சேர்த்தேன். ஃபோல்டர் திறந்தது. குமாஸ்தா கை தட்டினார். மற்றவர்கள் தட்டவில்லை, அன்று காலை முதலாளி அதில் போட்ட சுற்றறிக்கையை அவர்கள் படித்திருந்தார்கள்.

"கண்ணாடி வூட்ல கீது, நீயே படி" என்றார் குமாஸ்தா.

படித்தேன். பொது ஃபோல்டரைத் திறக்கத் தெரியாததால் மூத்த குமாஸ்தாவை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம்.

"அதான் தொறந்துகிச்சே. போய்ச் சொல்லு நைனா."

முதலாளி அறைக்குள் போய் அரைநாள் லீவு கேட்டு வாங்கினேன். வெளியே வந்து, "ஒத்துக்க மாட்டேங்குறாரு" என்றேன்.