முடித்தவர்கள் உட்காரலாம்

இன்று காலை, நின்றபடி வேலை நிலவரம் சொல்லும் எங்கள் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் பதினோரு பேர். ஒருவர்கூட நிற்கவில்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் கேமராவை அணைத்துவிட்டு இட்லி தின்றபடியே, "நேத்து வேலை இன்னும் முடியலைங்க" என்றேன். "சரிங்க, நாளைக்குப் பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த ஒரு வார்த்தை கிடைக்காமல்தானே அன்று அத்தனை பாடு?

என் முதல் சாஃப்ட்வேர் ஆபீஸ் பீளமேட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. இன்றும் தேங்காய் பன் வாசனை வந்தால் அந்தக் கடையை வேகமாகத் தாண்டிவிடுவேன். காலை பத்து மணிக்குக் கீழே பன் வேகும், மேலே நாங்கள் வட்டமாக நிற்போம். வேலையை முடித்தவர்கள் உட்காரலாம் என்பது எங்கள் டீம் லீட் வைத்த சட்டம். ஒவ்வொருவராக "முடிஞ்சுதுங்க" என்று உட்கார, கடைசியில் நான் மட்டும் நிற்பேன்.

"ஏனுங்க சத்தி அம்மணி, இன்னைக்காச்சும் உக்காருவீங்களா?"

சத்தியமங்கலத்துக்காரி என்பதால் அந்தப் பெயர். 'ங்க' போட்டே ஒருத்தியை அறுக்கலாம் என்று அந்த லீடிடம்தான் தெரிந்துகொண்டேன். நான் மெதுதான், ஒப்புக்கொள்கிறேன். "நீ சோறுண்டு எந்திரிக்கறதுக்குள்ள பொழுதே உழுந்துரும்" என்பாள் அம்மா. பழைய புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தால்தான் எனக்குக் கை ஓடும். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது ஐந்தாவது மாதம் முடியும் தறுவாய்.

அடுத்த நாற்காலி ஜெசிந்தாக்காவுடையது. நாங்கள் எழுதுவதில் பிழை தேடுவது அவர் வேலை. "மெதுவாவே செய் கண்ணு, நானிருக்கேன்" என்று சொன்ன ஒரே ஆள்.

ஒரு மில்லின் ஷிப்ட் நேரத்தைத் தொழிலாளர்களின் போனுக்கு அனுப்பும் வேலை எனக்கு வந்தது. மதிய ஷிப்ட் பகுதியை நான் இன்னும் தொடவே இல்லை. அன்று கூட்டத்தில் என்ன பேய் பிடித்ததோ, "முடிஞ்சுதுங்க. ஜெசிந்தாக்காவும் பாத்துப்போட்டாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அக்கா திடுக்கிட்டுப் பார்த்தார். டீ குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். டீ வருவதற்குள் அவசரக்குடுக்கை லீட் அதை மில்லுக்கு அனுப்பிவிட்டார்.

போனில் தப்பான நேரம் வந்ததால், மறுநாள் காலை ஆறு மணிக்கே மதிய ஷிப்ட் பெண்கள் மில் வாசலில் வந்து நின்றார்கள். பத்து மணிக் கூட்டத்தில் லீட் அக்காவைக் கேட்டார்.

"ஏனுங்க, இதைப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "நாந்தானுங்க சரியாப் பாக்காம உட்டுப்போட்டேன்."

"அப்ப நில்லுங்க."

ஒரு வாரம் தினமும் கூட்டத்தில் அக்காவை நிற்கவைத்தார். நான் வாய் திறந்தால் என் வேலை போய்விடும், திறக்கவில்லை. மாதக் கடைசியில் அக்கா ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது.

அந்த மாடியில் இப்போது ஜிம் இருக்கிறது. பேக்கரியும் போய்விட்டது. லீட் உக்கடத்தில் எதிரே வந்தால்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், அவ்வளவு வெறுப்பு. அவரைத் திட்டித் திட்டியே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன், நீங்களும்தான் கேட்டீர்களே. ஜெசிந்தாக்காவின் பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அந்த ஒரு வாரமும் அவர் நின்றது என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான். நான் உட்கார்ந்திருந்தேன்.